வெள்ளை எள் நான்கு கரண்டி

விழுப்புரம்
9.3.2025

அன்புள்ள கலைக்கு,

ஆமாம், எள்தான். கிரீம் இல்லை, முந்திரியும் இல்லை. போன வருஷம் வைகாசியில் பூவரசன் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது பால் திரிந்துவிட்டது. விடுதியில் ஒரு தோழி செய்து பார்த்திருந்ததை வைத்து எள்ளை அரைத்துக் காபி போட்டேன். அடுப்பருகே நின்று வறுத்துக் கொடுத்தவள் நீ. அளவு மட்டும் மறந்திருக்கும். உன் வீட்டுக்காரர் இன்னும் அந்தக் காபியைக் கேட்கிறார் என்று சித்தி சொன்னார்.

"பானுக்கா போனே எடுக்க மாட்டேங்குது, நீயாவது கேட்டு சொல்லும்மா" என்று அவரிடம் சொன்னாயாம். எடுக்க மாட்டேன். எழுதிக் கேட்டால் எழுதிச் சொல்கிறேன்.

இரண்டு டம்ளருக்கு: வெள்ளை எள் நான்கு கரண்டி. சின்னத் தீயில் வெறும் வாணலியில் வறு. முதல் பொரியும் சத்தம் கேட்டதும் இறக்கிவிடு. சிவந்தால் கசக்கும். தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடு. மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு அடி. முதலில் பொடியாகும், பிறகு ஓரத்தில் ஒட்டும், வழித்துவிட்டு மறுபடி அடி, எண்ணெய் தானே கசியும். ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடு. விழுது கரண்டியிலிருந்து அறுபடாமல் ஒழுக வேண்டும். அதில் இரண்டு கரண்டி வெல்லப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர். இன்னொரு சுற்று. பார்த்தால் பால் மாதிரி இருக்கும். டம்ளர் நிறைய ஐஸ் போட்டு இதை முக்கால் வரை ஊற்று. மேலே ஆறிய கெட்டி டிகாஷன், மெதுவாக. பால் சேர்க்காதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி இருக்கிறோம். நீயும் உன் வீட்டாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

பானுப்ரியா


திண்டிவனம்
20.3.2025

அன்பு அக்காவுக்கு,

கலை எழுதுகிறேன். பெரியம்மா காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. நாங்கள் சௌக்கியம்.

உன் கடிதம் பார்த்ததும் அழுகை வந்தது. பத்து மாதம் கழித்து உன் கையெழுத்து. பெரிய மனசு உனக்கு.

காபி சரியாக வரவில்லை. சாம்பல் கலரில், கசப்பாக. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாடி இது, காவாத் தண்ணி மாதிரி கீது?" என்றார். சின்ன நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெள்ளை எள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். ஆனால் இந்த வீட்டுக்குள் எள் வருவது சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு விளக்கு வைக்க மட்டும்தான். அது கறுப்பு எள். அதில் ஒரு பிடி எடுத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். வெள்ளை எள் வாங்கினால் அத்தை எதற்கு என்று கேட்பார்கள். அத்தைக்கும் எள்ளுக்கும் ஆகாது என்பது உனக்கே தெரியும். காபியில் எள் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் அக்கா.

கறுப்பு எள்ளிலேயே செய்ய வழி உண்டா? பதிலை வீட்டுக்குப் போடாதே. என் சிநேகிதி காயத்ரியின் டெய்லர் கடைக்குப் போடு. முகவரி பின்பக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
கலைப்பிரியா


விழுப்புரம்
2.4.2025

கலைக்கு,

நலம்.

கறுப்பு எள்ளில் வராது. தோல் கசக்கும். அது விளக்குக்கும் தர்ப்பணத்துக்கும்.

வெள்ளை எள் என்று எழுதினால் வெள்ளை எள்.

அங்கே எல்லாருக்கும் என் விசாரிப்பு.

பானு


திண்டிவனம்
19.4.2025

அன்பு அக்காவுக்கு,

சித்திரை பிறந்தது. புது வருஷத்தில் பெரியம்மாவுக்கும் உனக்கும் நல்லது நடக்க வேண்டும். நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள்.

நாலு நாளைக்கு முன்னால் அத்தை முகையூருக்கு ஒரு கருமாதிக்குப் போனார்கள். காயத்ரியிடம் சொல்லி வெள்ளை எள் வாங்கி வைத்திருந்தேன், அவள் தையல் மிஷின் டிராயரில். நீ எழுதிய காகிதத்தை மிக்ஸி பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்தேன். பொரிந்த சத்தம் கேட்டது, இறக்கினேன். விழுது அறுபடாமல் ஒழுகியது. மேலே டிகாஷன் தனியாக நின்று, அப்புறம் புகை மாதிரி உள்ளே இறங்கியது. அன்றைக்குப் பார்த்தது போலவே. நான் இரண்டு டம்ளர் குடித்தேன். அப்படி இருந்தது.

அவர் மத்தியானம் உரக்கடையிலிருந்து சாப்பிட வந்தார். கொடுத்தேன். குடித்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா அது இல்ல."

"அதுன்னா எதுங்க?"

"உங்கக்கா வீட்ல குடிச்சனே, அது. பொண்ணு மூஞ்சிகூட மறந்து போச்சி, அந்தக் காபி மட்டும் நாக்குலயே நின்னுக்கினு கீது."

உனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதினேன்.

பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா, நீ ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய். மறதியாகத்தான் இருக்கும். யோசித்துப் பார்த்து எழுது.

அன்புடன்
கலைப்பிரியா


விழுப்புரம்
11.5.2025

கலைக்கு,

கல்லூரிக்கு விடுமுறை. அம்மா வடாம் பிழிகிறாள். நலம்.

விட்டிருக்கலாம்.

நானும் உன்னை ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு எங்கள் அடுப்படியில் மூன்று பேர்தான். நான், அம்மா, நீ. கூடத்தில் இருந்தவர்களுக்கு அது முந்திரிக் காபி. அப்படித்தான் அப்பா சொன்னார், அப்படித்தான் குடித்தார்கள். இரண்டு நாள் கழித்து உன் அத்தைக்கு எள் என்று தெரிந்திருந்தது.

யார் சொன்னது?

அதை எழுதினால் நான் விட்டது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வெயிலில் அலையாதே.

பானு


திண்டிவனம்
17.5.2025

அன்பு அக்காவுக்கு,

கத்திரி வெயில் கொளுத்துகிறது. பெரியம்மாவை மொட்டை மாடிக்கு வடாம் காயவைக்க அனுப்பாதே, நீயே போ.

நீ கேட்டது. இவ்வளவு நாள் கழித்து அதையெல்லாம் ஏன் கிளற வேண்டும்? அன்றைக்குப் பாத்திரம் கழுவ ஓர் அம்மா வந்திருந்தார்களே. மிக்ஸி ஜாரில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பார்கள். இல்லை, அத்தைக்கே நாக்கு தெரிந்திருக்கும். எள்ளும் மல்லாட்டைக் கடலையும் விளைகிற காட்டுக்காரர்கள்தானே. எனக்கு எப்படித் தெரியும்?

அவர் இப்போது கடை சாத்தியதும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கூல் பாரில் உட்கார்ந்து கோல்டு காபி குடித்துவிட்டுத்தான் வருகிறார். வீட்டில் நான் எதைக் கொடுத்தாலும், "வெச்சிட்டுப் போ." முந்தாநாள் விருந்தாளிகள் எதிரில், "எம் பொண்டாட்டிக்கு எல்லாம் வரும், ஒரு டம்ளர் காபி மட்டும் வராது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கல்யாணம் ஆகி ஒன்பது மாதம் அக்கா. எதைப் பேசினாலும் நடுவில் அந்தக் காபி வருகிறது. காபிதானே என்று உனக்குத் தோன்றும்.

அந்த ஒரு பொருளை எழுதிவிடு. ஏலக்காயா? சுக்கா?

கலைப்பிரியா


விழுப்புரம்
22.6.2025

கலைக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நலமாகத்தான் இருந்தேன்.

ஏலக்காய் இல்லை. சுக்கு இல்லை.

பாத்திரம் கழுவும் அம்மா அன்றைக்கு வரவில்லை. ஜாரைக் கழுவியது நான்.

உனக்குத் தெரிந்தவைதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உன் அத்தை கிளியம்மாள் அம்மாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்தது. "நல்ல காரியத்துக்கு வந்தவங்களுக்கு எள்ளுத் தண்ணி ஊத்தி அனுப்பினியே, உயிரோடதானடி கீறோம் நாங்க?" அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அணைக்கத் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் அவர்கள் உங்கள் ஊர் காணைக்கு வந்து உன்னைப் பார்த்தார்கள்.

ஐப்பசியில் கோலியனூரிலிருந்து ஒரு வரன். தெருமுனை வரை வந்து கடையில் வழி கேட்டார்கள். கடைக்காரர் சொன்னது: "யாரு, அந்த எள்ளு வூடா?" அவர்கள் அங்கேயே வண்டியைத் திருப்பினார்கள். தையில் இன்னொன்று. அவர்கள் போனிலேயே கேட்டார்கள்.

உன் கல்யாணத்தில் பெரியம்மா என்ற முறையில் வரிசைத் தட்டெடுக்க அம்மா கை நீட்டினாள். உன் அத்தை அந்தத் தட்டை அவளைத் தாண்டி வேறு ஒருத்தியிடம் கொடுத்தார். அம்மா நீட்டிய கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். நீ மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

எழுது.

உடல்நலத்தைப் பார்த்துக்கொள்.

பானு


திண்டிவனம்
27.6.2025

அன்பு அக்காவுக்கு,

பெரியம்மாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல்.

சரி. நான்தான் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது. காபி நன்றாக இருக்கிறதே என்று அத்தை கேட்டார்கள், எங்கள் அக்கா படித்தவள், எள்ளில்கூடக் காபி போடுவாள் என்று பெருமையாகச் சொன்னேன். அது இப்படிப் போய் முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? சின்னப் பெண் நான். சத்தியமாக வேறு எதுவும் மனசில் இல்லை.

ஜாதகம் பொருந்தவில்லை என்றுதான் அத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்று வரைக்கும் அவர் அதைத்தான் நம்புகிறார். அது அப்படியே இருக்கட்டும்.

எழுதிவிட்டேன். இனி நீ எழுது.

கலைப்பிரியா


(அஞ்சலட்டை)

விழுப்புரம்
1.7.2025

நலம். வாய் தவறவில்லை. மறுபடி எழுது. இன்றைக்கு கார்டில் எழுதியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அடுத்ததும் கார்டுதான். அது டெய்லர் கடைக்கு வருமா என்று தெரியாது.

பானு


திண்டிவனம்
4.7.2025

அக்கா,

கார்டை காயத்ரி படித்துவிட்டாள். "இன்னாடி இது, உங்கக்காவா, போலீஸா?" என்றாள். இங்கே எல்லாரும் சுகம். நான் இல்லை.

எழுதுகிறேன்.

நீ டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். நான் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார், கடைசியில் அண்ணாந்து, அடியில் ஒட்டியிருந்தது இறங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் நீ போன வாசலைப் பார்த்தார்.

அந்த வருஷம் என்னை மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் கொடுத்ததை ஒருத்தரும் முழுசாகக் குடித்ததில்லை.

அத்தை கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தார்கள். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். "காபி சோக்கா இருந்துச்சி, இன்னா போட்டீங்க?" என்று கேட்டார்கள். முந்திரி என்று சொல்லச் சொல்லியிருந்தாய். நாக்கு நுனியில் முந்திரிதான் இருந்தது. அதை விழுங்கிவிட்டு எள் என்றேன். கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னேன். அவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். முகம் மாறியதைப் பார்த்தேன். மாறும் என்று தெரிந்துதான் சொன்னேன். பெருமைக்கு இல்லை.

"அவங்க தங்கச்சி பொண்ணா நீ? எந்த ஊரு?" என்றார்கள். காணை என்றேன். அப்பா பெயரையும் சொன்னேன். அதை அவர்கள் கேட்கவில்லை.

அவ்வளவுதான். படித்ததும் கிழித்துப் போடு. உன் காலில் விழுகிறேன். அவர் கண்ணில் பட்டால் நான் காணைக்குப் பெட்டியோடு போக வேண்டியதுதான்.

இப்போதாவது சொல். என்ன விட்டாய்?

கலை


விழுப்புரம்
4.8.2025

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று முறை படித்தேன். எழுத்தில் வந்துவிட்டால் உள்ளே ஏதோ இறங்கும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை கொஞ்சம். மூன்றாவது தடவை எழுத்துப் பிழைகள் கண்ணில் பட்டன.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து மாவு அரைக்கப் போய்விட்டாள். கிரைண்டர் சத்தம் நின்ற பிறகு உள்ளிருந்தே கேட்டாள்: "அப்பா பேரையுமா சொன்னா?" ஆமாம் என்றேன். கிரைண்டரை மறுபடி போட்டாள். கால்வலி குறைந்திருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்.

நான் எதையும் விடவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. அளவு, தீ, உப்பு, ஊற்றும் வரிசை. அதற்கு மேல் எனக்கே தெரியாது. 'விட்டிருக்கலாம்' என்று எழுதினேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏலக்காயையும் சுக்கையும் கொண்டுவந்தது நீ.

சித்திரையில், உன் அத்தை முகையூருக்குப் போயிருந்த அன்று, நீ போட்டது அதே காபி. நீ எழுதியிருந்த விதத்திலேயே தெரிந்தது. புகை மாதிரி இறங்கியது என்றாய். அப்படித்தான் இறங்கும். உன் நாக்கும் அதைத்தான் சொன்னது, இரண்டு டம்ளர் குடித்தாய். அவர் குடித்ததும் அதுதான். குடித்துவிட்டு, அது இல்லை என்றார்.

சரியாக வராதவரை உனக்கு ஒரு வழி இருந்தது. எள்ளை மாற்றலாம், தீயைக் குறைக்கலாம், பானுக்கா ஏமாற்றுகிறாள் என்று இருக்கலாம். இனி மாற்ற எதுவும் இல்லை. நாளைக்கு அவர் பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போகும்போது உனக்கு என் ஞாபகம் வரும். எனக்கு உன் வீட்டில் இருக்கிற இடம் அவ்வளவுதான். அது போதும்.

அவருக்கு என் முகம் மறந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சிரிப்பதற்காக. எனக்கும் அவர் முகம் ஞாபகமில்லை. பெண் பார்த்த அன்று நான் டம்ளரைத்தான் பார்த்தேன், சிந்தக் கூடாது என்று. அவர் எனக்கு வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. உனக்கு இது புரியாமல் போகலாம். எடுத்துக்கொண்டது அவரை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வரிசைத் தட்டை நினைத்துப் பார்.

கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை. வைத்துக்கொள்ளவும் இல்லை. இத்துடன் இருக்கிறது.

ஆடிக் காற்றில் புழுதி அதிகம். ஜன்னலைச் சாத்தி வை.

பானுப்ரியா


பானுப்ரியா இரண்டு கடிதங்களையும் ஒரே கவரில் போட்டு ஒட்டினாள். பூவரசன், உரக்கடை, மயிலம் சாலை, திண்டிவனம் என்று மேலே எழுதினாள். தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்டில் கொடுத்து, ரசீதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பத்து மணி வகுப்புக்குப் போனாள்.